கல்லைக் காத்த சொல்

பேராலயம் என்பது அளவிற் பெரிய ஆலயத்தைக் குறிக்கும் சொல் மட்டுமன்று. ஒரு மறைமாவட்டத்தின் ஆயருக்குரிய இருக்கை எந்த ஆலயத்தில் அமைந்துள்ளதோ அதுவே அம்மாவட்டத்தின் பேராலயம். இருக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'கதீட்ரல்' என்னும் பெயரும் பிறந்தது. இடைக்கால ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் எல்லாக் கட்டடங்களுக்கும் மேலாக உயர்ந்து நின்றது பேராலயமே. எழுத்தறியாத மக்கள் தம் மறைநூற் கதைகளை அதன் வாயிற் சிற்பங்களிலும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களிலும் கண்டு தெளிந்தனர். கல்லே அவர்களுக்கு ஏடாயிற்று. அந்தக் கல்லேட்டை அச்சேடு வீழ்த்திவிடும் என்று பிற்காலத்தில் ஒரு படைப்பாளர் எழுதினார். ஆனால், அவர் எழுதிய நூலே அக்கல்லை அழிவிலிருந்து மீட்டது. பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயத்தின் வரலாற்றில் உறைந்திருக்கும் இம்முரண், எழுதுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சேன் நதியின் நடுவிலுள்ள சித்தே தீவில், ஆயர் மொரிஸ் தெ சுல்லியின் முயற்சியால் 1163-ஆம் ஆண்டில் இப்பேராலயத்தின் பணி தொடங்கியது. 1196-இல் அவர் மறைந்தபோது பணி நிறைவுறவில்லை. கல்தச்சரும் மரத்தச்சரும் கொல்லரும் கண்ணாடிக் கலைஞரும் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் கட்டடம் முழுமை பெற்றது. முதன்முதலில் இதற்குத் திட்டம் வகுத்த கலைஞரின் பெயரை வரலாறு பதிந்து வைக்கவில்லை. ஆனால் அவர் மரபில் வந்தோரின் நுட்பம் இன்றும் கண்முன் நிற்கிறது. ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்திலுள்ள கற்கவிகையின் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளுவது. அத்தள்ளுவிசையை வெளியே நிற்கும் சாய்வான கல்தாங்கிகள் ஏற்றுக்கொண்டு நிலத்துக்கு இறக்குகின்றன. சுமை குறைந்த சுவரிலே அகன்ற சாளரங்களைத் திறக்க முடிந்தது. இருண்டிருக்க வேண்டிய மண்டபத்துக்குள் வண்ண ஒளி புகுந்தது. மேலே கூரையைத் தாங்கிய ஓக் மரச்சட்டங்களின் செறிவைக் கண்டு மக்கள் அதனைக் 'காடு' என்றே அழைத்தனர்.

காலம் மாறச் சுவையும் மாறியது. மறுமலர்ச்சிக் கால இத்தாலியர், இப்பாணியைக் காட்டுமிராண்டிகளின் கலை என இகழ்ந்தே அதனைக் கோத் இனத்தாரோடு தொடர்புபடுத்தினர். 'கோத்திக்' என்ற பெயர் அவ்வாறு வசையாகவே வழக்குக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில், வெளிச்சம் போதவில்லை என்று பழைய வண்ணக் கண்ணாடிகளை அகற்றி வெண்கண்ணாடி பொருத்தியவர்கள் பேராலயப் பொறுப்பாளர்களே. மூப்படைந்த நடுக்கோபுரமும் அந்நூற்றாண்டின் இறுதியில் இறக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், முகப்பில் வரிசையாக நின்ற 28 அரசர் சிலைகள் வீழ்த்தப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டன. அவை மறைநூல் கூறும் யூதேய அரசர்களின் சிலைகள். புரட்சியாளரோ அவற்றைப் பிரெஞ்சு மன்னர்கள் எனக் கருதினர். அத்தலைகளுள் 21, ஒரு மாளிகையின் முற்றத்து மண்ணுக்கடியிலிருந்து 1977-இல்தான் வெளிப்பட்டன. 1804-இல் நெப்போலியன் இங்கே முடிசூடியபோது சிதைந்த சுவர்களை அலங்காரத் திரைகளால் மறைக்க வேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் விக்தர் ஹ்யூகோ எழுதுகோலை எடுத்தார். 1830-இல் எழுதத் தொடங்கி மறு ஜனவரியில் அவர் முடித்த புதினம், 1831 மார்ச்சில் பேராலயத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 29. கதை நிகழும் ஆண்டு 1482. கூனனும் செவிடனுமான மணியடிப்போன் குவாசிமோடோ, தெருவில் ஆடிப் பிழைக்கும் எஸ்மரால்டா, ஆசையால் அழியும் குரு ஃபிரோலோ ஆகிய மூவரின் கதையாக அது தோன்றினும், உண்மையில் கதைத்தலைமை கல்லுக்கே உரியது. ஊர் வெறுத்த ஓர் உருவத்துக்குத் தாயாகவும் வீடாகவும் நின்ற கட்டடத்தை, அதற்குப்பின் வாசகர் எவரும் வெறுங்கல்லாகக் காண இயலவில்லை.

1832-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஓர் அத்தியாயத்தில் ஹ்யூகோ தம் உள்ளக் கருத்தை வெளிப்படையாக வைத்தார். அச்சுக்கலை பிறக்கும்வரை மனித இனம் தன் சிந்தனையைக் கட்டடங்களில் எழுதியது. அச்சு வந்தபின் சிந்தனை தாளுக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே கட்டடக்கலை உயிரிழந்தது என்பது அவர் வாதம். அதே ஆண்டில், பழைய கட்டடங்களை இடித்து வந்தோர்மீது போர் தொடுக்கும் கட்டுரை ஒன்றையும் அவர் வெளியிட்டார். அச்சினால் கல் இறந்தது என்றவரே, அச்சைக் கொண்டு கல்லுக்காக வழக்காடினார்.

அவ்வழக்கு வென்றது. ஒரு புதினம் தனித்து நின்று அனைத்தையும் சாதித்தது எனல் மிகையாகும். பழங்கட்டடங்களைக் காக்கும் அரசு மேற்பார்வையாளர் பதவி 1830-இலேயே உருவாக்கப்பட்டிருந்தது. 1834 முதல் அதனை வகித்த ப்ரோஸ்பர் மெரிமேயும் ஓர் எழுத்தாளரே. எனினும், அரசு அலுவலுக்குப் பின்னால் மக்களின் பற்றை நிறுத்தியது ஹ்யூகோவின் நூல். 1844-இல் லசூஸ், வியோலே லெ தூக் என்னும் இரு கட்டடக் கலைஞரிடம் சீரமைப்புப் பணி ஒப்படைக்கப்பட்டது. 1857-இல் லசூஸ் மறைந்தபின் வியோலே லெ தூக் தனியே தொடர்ந்து 1864-இல் பணியை நிறைவு செய்தார்.

சொல்லால் மீண்ட கல், பழைய கல்லாகவே மீளவில்லை. 1859-இல் எழுந்த புதிய நடுக்கோபுரம் பழையதினும் உயர்ந்தது. அதன் முனை தரையிலிருந்து 96 மீட்டர். கோபுர மாடத்தில் கன்னத்தில் கைவைத்து நகரை நோக்கும் கொம்புடைய உருவத்தைக் காண்போர், குவாசிமோடோவின் இடைக்காலத் தோழன் இவனே என்று மயங்குவர். ஆனால் ஹ்யூகோ புதினம் எழுதிய காலத்தில் அவ்வுருவம் அங்கில்லை. அஃது இச்சீரமைப்பின்போது வடிக்கப்பட்டது. புதினத்துக்குப் பின் பிறந்தவன், புதினத்துக்கு மூலம்போல் நிற்கிறான். சீரமைப்பு என்பதே ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய பேரழிவு என்று ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1849-இல் சாடியதை இவ்விடத்தில் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. காக்க வரும் கற்பனை தன் கைத்தடத்தையும் பதித்தே செல்கிறது.

2019 ஏப்ரல் 15 மாலையில் மூண்ட தீயில் 'காடு' எரிந்தது. நடுக்கோபுரம் கவிகையைத் துளைத்துக்கொண்டு வீழ்ந்தது. முகப்பின் இரு கோபுரங்களும் தப்பின. அடுத்த நாட்களில் பிரான்சில் மக்கள் தேடி வாங்கிய நூல் ஹ்யூகோவின் புதினமே. மறுபடியும் கல்லுக்குத் தாள் துணைநின்றது: ரெமி ஃப்ரோமோன் என்னும் கட்டடக் கலைஞரும் அவர் நண்பரும் 2014-இல் அக்கூரைச் சட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைபடமாக்கி வைத்திருந்தனர். அவ்வரைபடங்களின் வழியே தச்சர்கள் கோடரியால் செதுக்கிப் புதிய உத்திரங்களை எழுப்பினர். நடுக்கோபுரத்தைப் புதிய பாணியில் கட்டலாமா என்ற விவாதம் 2020-இல் முடிந்து, வியோலே லெ தூக்கின் வடிவமே மீண்டும் எழுந்தது. 2024 டிசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டது.

பேராலயக் கோபுரத்தின் இருண்ட மூலையொன்றில் எவனோ கீறிவைத்த, ஊழ் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றைத் தாம் கண்டதாகவும், பின்னர் அச்சொல் சுவரிலிருந்து மறைந்துபோனதாகவும் ஹ்யூகோ தம் புதினத்தின் முன்னுரையில் குறிக்கிறார். அதனைக் கீறியவன் மறைந்தான், சொல் மறைந்தது, பேராலயமும் ஒருநாள் மறையக்கூடும் என்பது அவர் அச்சம். அச்சொல்லின்மீதே தம் நூலை எழுப்பியதாக அவர் கூறுகிறார். அவர் அஞ்சியது இன்னும் நிகழவில்லை. நிகழாமைக்கு அந்நூலும் ஒரு காரணம்.