சிறுத்தையைக் காட்டாத படமும், குண்டோடு விழுந்த கேமராவும்

பேய்ப்படம், போர்ப்படம் ரெண்டைப் பத்தியும் பேச்சு வந்தால் கடைசியில் ஒரே சண்டையில்தான் போய் முடியும். பிரம்மாண்டம் முக்கியமா, கதை முக்கியமா? ஒருத்தர் "கிராபிக்ஸ் பார்த்தீங்களா, மிரட்டிட்டான்" என்பார். இன்னொருத்தர் "திரைக்கதை இல்லைன்னா நூறு கோடி கொட்டினாலும் வேஸ்ட்" என்பார். இந்த ரெண்டு கட்சிக்கும் நான் ஓட்டுப் போடுவதாக இல்லை. ஏன் என்று சொல்ல 1942-க்குப் போக வேண்டும். (கீழே சில படங்களின் முடிவுகள் வருகின்றன. பார்க்காதவர்கள் உஷார்.)

அப்போது ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. என்று ஒரு ஸ்டுடியோ. ஆர்சன் வெல்ஸை வைத்து 'சிட்டிஸன் கேன்' எடுத்தவர்கள். பேர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அவருடைய அடுத்த படமான 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்ஸன்ஸ்' இன்னும் மோசமாகக் கையைக் கடித்தது. பக்கத்தில் யுனிவர்சல் கம்பெனிக்காரர்கள் ஓநாய் மனிதன், டிராகுலா என்று கல்லா கட்டிக்கொண்டிருந்தார்கள். நாமும் மலிவாகப் பேய்ப்படம் எடுப்போம் என்று ஆர்.கே.ஓ. ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கி வால் லூட்டன் என்பவரிடம் கொடுத்தது. செல்ஸ்னிக்கிடம் கதை இலாகாவில் வேலை பார்த்தவர், நிறையப் படித்தவர். அவருக்குப் போட்ட நிபந்தனைகள் மூன்று. ஒரு படத்துக்கு 1,50,000 டாலருக்கு மேல் கிடையாது. 75 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தலைப்பை ஸ்டுடியோ கொடுக்கும், கதையை நீ பண்ணிக்கொள். முதல் தலைப்பு 'கேட் பீப்பிள்'. பூனை மனிதர்கள்! பாவம் மனுஷன்.

இந்தத் தலைப்புக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? ரப்பர் முகமூடி, மயிர் ஒட்டிய கை எதுவும் இல்லை. செர்பியாவிலிருந்து நியூயார்க் வந்த இரேனா என்ற பெண், ஆசையோ பொறாமையோ கோபமோ வந்தால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்புகிறாள். கல்யாணம் ஆகியும் கணவனை நெருங்க விடுவதில்லை. அவன் மெல்ல ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஆலிஸ் பக்கம் சாய்கிறான். அவ்வளவுதான் கதை. இயக்கியவர் ஜாக் டூர்னர்.

படத்தில் ஒரு ராத்திரிக் காட்சி. பூங்காவை ஒட்டிய ரோட்டில் ஆலிஸ் தனியாக நடக்கிறாள். விளக்குக் கம்பத்துக்குக் கீழே வெளிச்சம், அடுத்த கம்பம் வரை இருட்டு. பின்னால் இரேனா வருவதை நமக்குக் காட்டுகிறார்கள். ரெண்டு பேருடைய செருப்புச் சத்தமும் கேட்கிறது, டக் டக் டக். திடீரென்று ஒரு ஜோடிச் சத்தம் நின்றுபோகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நமக்கும் யாரையும் காட்டவில்லை. அவள் ஓட ஆரம்பிக்க, உறுமல் மாதிரி ஒன்று காதைக் கிழிக்கிறது. பார்த்தால் பஸ்! பிரேக் போட்டு வந்து நிற்கிறது. எடிட்டர் மார்க் ராப்ஸனின் வேலை இது. இன்றைக்கு எல்லாப் பேய்ப்படத்திலும் பூனை குதித்தும் கதவு அடித்தும் நம்மைத் தூக்கிவாரிப் போடச் செய்கிறார்களே, அந்த உத்திக்குத் திரைக்காரர்கள் வைத்த பேரே 'லூட்டன் பஸ்'தான். பஸ்ஸை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஒரு நிமிட நடையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் கொடுமை.

காசில்லாததால்தான் மிருகத்தைக் காட்டவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பாதி நிஜம். செட்டுக்கே வழியில்லாமல் 'ஆம்பர்ஸன்ஸ்' படத்துக்குப் போட்ட பெரிய மாடிப்படி செட்டைத்தான் இதில் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு கருஞ்சிறுத்தையைப் பிடித்து வந்து நடக்கவிடுவது அவர்களுக்கு முடியாத காரியம் இல்லை. ஸ்டுடியோ பெரியவர்களே அதைத்தான் கேட்டார்கள். சிறுத்தையைக் காட்டாமல் சிறுத்தைப் படமா என்று குதித்தார்கள். அவர்களுக்காக, ராத்திரி ஆபீஸ் காட்சியில் மேஜைகளுக்கு நடுவே, நிழலோடு நிழலாக அதைக் கொஞ்சம் காட்டவேண்டி வந்தது.

இரேனாவின் காலடி நின்ற நொடியிலிருந்து நடப்பதைக் கவனியுங்கள். ஆலிஸுக்கு என்ன தெரியுமோ அதற்கு மேல் ஒரு துளி நமக்குத் தெரியாது. பயப்படுகிறவள் நிற்கும் இடத்தில் நம்மையும் நிற்க வைத்துவிட்டார்கள். என் கணக்கில் மொத்த விவகாரமும் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு காட்டினான் என்பதை விட, எங்கே நின்று காட்டினான்? இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அடுத்த வருஷமே, 1943-ல், அதே கூட்டணி 'தி லெப்பர்ட் மேன்' எடுத்தது. சோளமாவு வாங்க இருட்டில் போன சிறுமி வீட்டுக்கு ஓடி வந்து கதவைத் தட்டுகிறாள். பிடிவாதக்கார அம்மா, சும்மா பயமுறுத்துகிறாள் என்று உடனே திறக்கவில்லை. கேமரா வீட்டுக்குள், அம்மாவோடு நிற்கிறது. வெளியே அலறல், உறுமல். அம்மாவுக்கு உறைத்து ஓடி வந்தால் தாழ்ப்பாள் சிக்கிக்கொள்கிறது. கதவுக்கு அடியில் ரத்தம் கசிந்து உள்ளே வருகிறது. அவ்வளவுதான். பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

லூட்டன் 1951-ல், 46 வயதில் இறந்துபோனார். அவர் பட்டறையிலிருந்து வந்த மூன்று பேரின் பாதைகள் சுவாரசியமானவை. டூர்னர் 1957-ல் இங்கிலாந்தில் 'நைட் ஆஃப் த டீமன்' எடுத்தார். அதில் ஆரம்பத்திலேயே ஒரு பூதம் புகையோடு வந்து பல்லைக் காட்டும். அதை அப்படிக் காட்டியதைப் பற்றி டூர்னர் பிற்காலத்தில் பேட்டிகளில் நொந்துகொண்டார். அந்தப் பூதத்தை ரசிப்பவர்களும் உண்டு, நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. பஸ் விட்ட ராப்ஸன் போர்ப்படத்துக்குப் போய்விட்டார். கொரியப் போரைப் பற்றிய அவருடைய 'தி பிரிட்ஜஸ் அட் டோகோ-ரி' ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. விமானந்தாங்கிக் கப்பல், ஜெட் விமானம், பாலத்தைத் தகர்ப்பது என்று கண்ணுக்கு விருந்து. ஆனால் பாலம் தகர்ந்த பிறகு படம் முடியவில்லை. விமானம் அடிபட்டு இறங்கிய வில்லியம் ஹோல்டன், சேறு நிறைந்த ஒரு பள்ளத்துக்குள் பதுங்கி, அங்கேயே சுடப்பட்டுச் சாகிறார். அவ்வளவு பெரிய வானத்தைக் காட்டிய கேமரா கடைசியில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாமவர் ராபர்ட் வைஸ். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்று ரெண்டு பெரிய பாட்டுப் படங்களுக்கு நடுவே, 1963-ல், கறுப்பு வெள்ளையில் 'தி ஹாண்டிங்' எடுத்தார். ஷெர்லி ஜாக்ஸன் நாவல். பேய் வரவே வராது. ராத்திரி இருட்டில் எலினர் பக்கத்துப் படுக்கைத் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் முணுமுணுப்பு. கை இறுகுகிறது. கத்திக்கொண்டே எழுந்து விளக்கு வந்ததும் பார்த்தால், தோழி அறையின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கையை?

இதே நாவலை 1999-ல் 8 கோடி டாலர் செலவில் திரும்ப எடுத்தார்கள். ஸ்பீல்பெர்க்கின் டிரீம்வொர்க்ஸ் தயாரிப்பு, யான் டி பாண்ட் இயக்கம். சிலைகள் அசைகின்றன, கட்டில் பிடிக்கிறது, கடைசியில் வீட்டுக்காரக் கிழவரே கூரை உயரத்துக்குக் கணினிப் பேயாக எழுந்து நிற்கிறார். வசூல் மோசமில்லை, போட்டதைப் போல ரெண்டு மடங்கு வந்தது. ஆனால் பயம்? அறைக்குள் யாராலும் நிற்க முடியாத இடங்களிலெல்லாம் கேமரா சுற்றுகிறது. நாம் அந்தப் பெண்ணோடு இல்லை, கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்த ஆளாக இருக்கிறோம்.

அதே 1999 ஜூலையில்தான் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வந்தது. மேரிலாந்து காட்டுக்குள் மூன்று நடிகர்கள், கேமராவையும் அவர்களே தூக்கிக்கொண்டு எடுத்த படம். சில்லறைக் காசில் எடுத்தது, உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. கடைசிக் காட்சியில் ஒருவன் சுவர் மூலையைப் பார்த்து நிற்கிறான், வேறொன்றும் இல்லை. ஆனால் ஆரம்பத்தில் ஊர்க்காரர் ஒருவர், பிள்ளைகளைக் கொன்றவன் ஒரு பிள்ளையை மூலையைப் பார்த்து நிற்க வைத்ததாகச் சொல்லியிருப்பார். ஒரு வரிக் கதை, ஒரு முதுகு. வயிறு கலங்கிவிடும்.

உடனே "பார்த்தீங்களா, பணம் போட்டால் படம் கெட்டுப்போகும்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதே டிரீம்வொர்க்ஸ் அதற்கு முந்தைய வருஷம், 1998-ல், பாரமவுண்ட்டோடு சேர்ந்து தந்த படம் 'சேவிங் பிரைவேட் ரயன்'. ஒமாஹா கடற்கரை இறக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும், அதை அயர்லாந்துக் கடற்கரையில் எடுக்கவே ஒரு கோடி டாலருக்கு மேல் செலவு. பிரம்மாண்டத்தில் இதற்கு மேல் போக முடியாது. அதிலும் அந்த இருபது நிமிடத்தில் கதை என்று எதுவும் கிடையாது. சாகிறவன் பேர்கூட நமக்குத் தெரியாது. கதைக் கட்சிக்காரர்களின் விதிப்படி இந்தக் காட்சி தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லையே?

காரணம் கேமரா நிற்கும் உயரம். படகிலிருந்து குதித்தவனோடு தண்ணீருக்குள் போகிறது, மணலில் படுக்கிறது, லென்ஸில் தண்ணீர் தெறிக்கிறது. டாம் ஹாங்க்ஸுக்குக் காது அடைத்தால் நமக்கும் அடைக்கிறது. ஒன்றிரண்டு தடவை ஜெர்மன் துப்பாக்கிக்குப் பின்னால் போகிறது, உண்மைதான். ஆனால் குண்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவழும் ஆளுக்கு எவ்வளவு தெரியுமோ, பெரும்பாலும் அவ்வளவே நமக்கும். ஆலிஸ் நடந்த அதே ரோடு. செலவு மட்டும் வேறு.

இப்போது 2001-க்கு வாங்க. மைக்கேல் பேயின் 'பேர்ல் ஹார்பர்'. 14 கோடி டாலர். முதல் காட்சியையே பேர்ல் துறைமுகத்தில், ஒரு விமானந்தாங்கிக் கப்பல் மேல் திரை கட்டிப் போட்டார்கள். மூன்று மணி நேரப் படத்தில் பாதிக்கு மேல் காதல் முக்கோணம். தாக்குதல் மட்டும் சுமார் 40 நிமிடம். அதில் எல்லோரும் வாய் பிளந்த ஒரு ஷாட் உண்டு. ஜப்பானிய விமானத்திலிருந்து ஒரு குண்டு கழன்று விழ, கேமராவும் கூடவே விழுகிறது. கீழே 'அரிஸோனா' கப்பல் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அப்புறம் வெடிப்பு.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அட்டகாசம். ஆனால் யோசித்துப் பாருங்கள், இது யாருடைய பார்வை? விமானிக்கு இது தெரியாது, கப்பலில் நின்றவனுக்கும் தெரியாது. குண்டு பார்க்கிற பார்வை. 1941 டிசம்பர் 7 காலையில் அந்தக் கப்பலில் மட்டும் செத்தவர்கள் 1,177 பேர். பலருடைய உடல்கள் இன்னும் அந்த இரும்புக்குள்தான் கிடக்கின்றன, தண்ணீருக்கு மேலே நினைவகம் கட்டியிருக்கிறார்கள், கப்பலிலிருந்து இன்றைக்கும் எண்ணெய் கசிகிறது. அந்த இடத்தை நோக்கி நம்மை ராட்டினத்தில் உட்கார வைத்து இறக்குகிறார்கள். வெடிக்கும் வரை நம் மனசு என்ன வேண்டிக்கொள்கிறது? சரியாக விழட்டும் என்றுதானே? தியேட்டரில் விசில் வருவதற்கும் அதுதானே காரணம்? எனக்கு இந்தப் படத்தின் மேல் கோபம் வருவது அசட்டுக் காதலுக்காக இல்லை, இந்த ஷாட்டுக்காக.

அதே சம்பவத்தை 1970-ல் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 'டோரா! டோரா! டோரா!' என்று எடுத்திருக்கிறார்கள். முதல் பாதி கொட்டாவி வரும், மறுக்கவில்லை. சீருடைக்காரர்கள் காகிதம் படித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் மலை மேல் ரேடார் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த ரெண்டு சிப்பாய்கள், திரையில் பெரிய புள்ளிக்கூட்டம் வருவதைப் பார்த்து போன் செய்ய, அந்தப் பக்கம் அதிகாரி கவலைப்படாதே என்கிறார். நிஜமாகவே நடந்தது. அந்த ரேடார் திரையில் இருப்பது வெறும் வெளிச்சக் கீற்று, ஆனால் பேயின் 40 நிமிடத்தை விட அது அதிகமாகப் பதற வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. 'கான் வித் த விண்ட்' (1939) பார்த்திருப்பீர்கள். அட்லாண்டா ரயில் நிலையத்தில் ஸ்கார்லெட் டாக்டரைத் தேடி வருகிறாள். கேமரா அவளை விட்டு மெல்லப் பின்வாங்கி மேலே போகப் போக, காயம்பட்டவர்கள் தரை முழுக்க, கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஆட்கள், போதாததற்குப் பொம்மைகள். போர்ப்பட வரலாற்றிலேயே பெரிய பிரம்மாண்டங்களில் ஒன்று. செல்ஸ்னிக் ஆபீஸில் அந்தக் காட்சியை எழுதிப் போட்டது யார் என்று சொல்கிறார்கள் தெரியுமா? நம்ம வால் லூட்டன்தான்! அங்கேயும் பாருங்கள், முதலில் ஸ்கார்லெட்டின் முகம், அப்புறம்தான் மைதானம். எத்தனை பேரைத் தாண்டி அவள் ஒரு டாக்டரைக் கேட்கப்போகிறாள் என்பதுதான் அந்த ஷாட்.

பேய்ப்படமும் போர்ப்படமும் ஒன்றாகவே ஆகிவிட்ட ஒரு படத்தைச் சொல்லி முடிக்கிறேன். எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் ஸீ', சோவியத் யூனியனில் 1985-ல் வந்தது. நாஜிக்கள் கையில் இருந்த பெலாரஸ், 1943. திரைக்கதையில் பங்கெடுத்த அலெஸ் ஆதமோவிச், அந்த மண்ணில் பதின்பருவத்தில் கெரில்லாவாக இருந்தவர். மக்களோடு சேர்த்துக் கொளுத்தப்பட்ட கிராமங்கள் 628 என்று படத்தின் முடிவில் எழுத்து வரும்.

ஃப்ளோரா என்ற பையன், கிளாஷா என்ற பெண்ணோடு தன் கிராமத்துக்கு வருகிறான். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் சாப்பாடு சூடு ஆறவில்லை, ஈ மொய்க்கிறது. எங்கேயோ ஒளிந்திருப்பார்கள், எனக்கு இடம் தெரியும் என்று பையன் வெளியே ஓடுகிறான். கிளாஷாவும் பின்னால் ஓடுகிறாள். ஓடும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுக்குப் பின்புறச் சுவரோரம் ஊர்க்காரர்களின் உடல்கள் விறகு மாதிரி அடுக்கிக் கிடக்கின்றன. சில நொடிதான். அவள் பார்த்த தூரத்தில், அவள் பார்த்த வேகத்தில்தான் நமக்கும் தெரிகிறது. பையன் பார்க்கவில்லை. முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறான். அவள் அப்போது அவனிடம் எதுவும் சொல்லவில்லை, கூடவே ஓடுகிறாள்.