யுகட்டானின் நன்னீர்க் குழிகள்: தூர்வாரியிலிருந்து கேமரா வரை

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் ஆறுகள் இல்லை. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே நிலத்துக்குள் இறங்கிவிடும். பனியூழிகளில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது வறண்டு கிடந்த குகைகளில் நீர் சொட்டிச் சொட்டிச் சுண்ணாம்பு விழுதுகள் வளர்ந்தன. பனி உருகிக் கடல் உயர்ந்ததும் குகைகளில் நீர் நிறைந்தது. கூரை இடிந்து வாய் திறந்த குழிகளைச் செனோட்டே என்பார்கள். மாயா மக்களுக்குக் குடிநீர் தந்தவை இவை. மழைத் தெய்வமான சாக்கை வழிபட்ட இடங்களும் இவைதான்.

மாயா நகரமான சிச்சென் இட்சாவின் புனிதக் குழி ஏறக்குறைய 60 மீட்டர் அகலமுள்ளது. அதில் மனிதர்களையும் விலைமதிப்புள்ள பொருள்களையும் பலியிட்டதாக 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியத் துறவி தியேகோ தெ லாண்டா எழுதினார். அதை நம்பிய அமெரிக்கத் துணைத்தூதர் எட்வர்ட் தாம்சன் அங்கிருந்த பண்ணையை வாங்கி, 1904இல் தூர்வாரி இயந்திரத்தை நிறுவினார். பச்சைக்கல் அணிகள், பொன் தகடுகள், செம்பு மணிகள், குங்கிலியக் கட்டிகள், எலும்புகள் சேற்றோடு மேலே வந்தன. 1909இல் கிரேக்கக் கடற்பஞ்சுக் குளியாளிகளைத் துணைக்கு அழைத்துத் தாமும் கவச உடையில் இறங்கினார். கலங்கிய நீரில் விளக்கும் பயன்படவில்லை. கையால் தடவித்தான் தேடினார்கள். எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்ற செய்தி பெரும்பாலும் அழிந்துபோனது. பொன்னைவிடப் பெரிய இழப்பு அது. பொருள்களில் பெரும்பகுதி ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போனது. மெக்சிகோ அரசு வழக்குத் தொடுத்தது. ஒரு பகுதி 1970களில்தான் திரும்பியது.

1950களில் காற்றுத்தொட்டிகளின் துணையோடு குழிக்குள் கேமராவும் இறங்கியது. நேஷனல் ஜியாகரஃபிக் இதழின் லூயிஸ் மார்டன், சிபில்சல்துன் நகரத்துச் சுலாகா குழியில் மூழ்கிப் படமெடுத்தார். ஆனால் சிச்சென் இட்சாவில் 1967–68இல் நடந்த அகழ்வில், எதிரே இருப்பதைப் பார்ப்பதற்கே நீரில் வேதிப்பொருள் கலந்து தெளிவிக்க வேண்டியிருந்தது.

கிழக்குக் கரையின் குகைகளுக்கு அந்தக் குறை இல்லை. பாறையால் வடிகட்டப்பட்ட நீர் அங்கே கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நன்னீர் மேலேயும் கடல்நீர் கீழேயும் நிற்கும். இரண்டும் தொடும் படலத்தில் காட்சி நெளியும். துலும் அருகிலுள்ள ஆங்கெலிதா குழியில் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேகமாகப் பரவி நிற்க, மரக்கிளைகள் அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுத்தொட்டி இல்லாமல் மூச்சடக்கி மூழ்குவோரை இத்தகைய குகைகளில் வைத்துப் படமெடுப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. காற்றுத்தொட்டியோடு மூழ்குபவர் விடும் குமிழிகள் குகைக்கூரையில் மோதித் துகள்களை உதிர்க்கும், நீர் கலங்கும், சூரியக் கதிர் கலையும். மூச்சடக்கியவர் குமிழி விடுவதில்லை. ஆனால் தலைக்குமேல் பாறை இருந்தால் நேரே மேலெழ வழியில்லை. எனவே, திறந்த வாய்க்கு நேர்கீழே, கயிற்றை ஒட்டியே அவர்கள் இறங்குகிறார்கள். வெனிசுவேலாவின் கார்லோஸ் கோஸ்தே 2010இல் தோஸ் ஓகோஸ் குகையில் ஒரே மூச்சில் 150 மீட்டர் நீந்தியது அரிய விதிவிலக்கு. வழிகாட்டிக் கயிறும் பாதுகாப்புக் குழுவும் இன்றி எவரும் முயலக்கூடாதது.

இதே கிழக்குக் கரையில் 2007இல் முக்குளிப்போர் ஓயோ நெக்ரோ என்னும் ஆழ்குழியைக் கண்டார்கள். அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளுக்கிடையே, 12,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு அங்கே கிடந்தது. நையா என்று பெயரிட்ட அதை உடனே எடுத்துவிடாமல், கிடந்த இடத்திலேயே படமெடுத்துப் பதிவு செய்தார்கள். தாம்சன் காலத்தில் இழந்ததை இம்முறை இழக்கவில்லை. 2018இல் சாக் ஆக்துன், தோஸ் ஓகோஸ் ஆகிய குகைத்தொடர்கள் இணைந்தவை என்று தெரியவந்தது. அப்போது அளந்த நீளம் 347 கிலோமீட்டர். அதே கரையில் மாயா ரயில் என்னும் திட்டத்தின் தடத்துக்காக இறக்கிய இரும்புத் தூண்கள் குகைக்கூரைகளைத் துளைத்து நிற்பதை, 2024இல் குகை ஆர்வலர்கள் எடுத்த படங்களே வெளியுலகுக்குக் காட்டின.