நெரிசல் கட்டணம்: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்

நெருக்கடி மிகுந்த நகரப் பகுதிக்குள் குறிப்பிட்ட நேரங்களில் நுழையும் வாகனங்களிடம் வாங்கப்படுவது நெரிசல் கட்டணம். வழக்கமான சுங்கம் சாலை போட்ட செலவை ஈடுகட்ட வாங்கப்படுகிறது. நெரிசல் கட்டணத்தின் முதல் நோக்கம் வாகனங்களின் வரத்தைக் குறைப்பது. இதன் பொருளியல் அடித்தளம் பெரிதும் அமெரிக்காவில் உருவானது. நடைமுறைக்கு முதலில் கொண்டுவந்தது சிங்கப்பூர் (1975); பின்னர் ஐரோப்பிய நகரங்கள் பின்பற்றின. அமெரிக்காவில் இது 2025இல்தான் வந்தது. ஒழுங்குமுறை, தொழில்நுட்பம், நகர வாழ்க்கை ஆகியவை குறித்த இரு கண்டங்களின் மனப்போக்கை ஒப்பிட இந்த வரலாறு உதவுகிறது.

தோற்றம்

கனடாவில் பிறந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொருளியலாளர் வில்லியம் விக்ரி இக்கருத்தின் முன்னோடி. நியூயார்க் சுரங்க ரயிலில் கூட்ட நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்று 1950களின் தொடக்கத்தில் அவர் பரிந்துரைத்தார். 1959இல் வாஷிங்டன் நகரப் போக்குவரத்தை ஆராய்ந்த அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன், கார்களில் மின்னணு அடையாளக் கருவி பொருத்திக் கட்டணம் கணக்கிடும் முறையை விளக்கினார். வேறு ஆய்வுகளுக்காக 1996இல் நோபல் பரிசு பெற்றார். பிரிட்டனில் 1964இல் வெளியான ஸ்மீட் குழு அறிக்கையும் இம்முறை நடைமுறைக்கு ஒத்துவரும் என்றது. இரு நாட்டு அரசுகளும் அப்போது அதைச் செயல்படுத்தவில்லை.

ஐரோப்பிய நகரங்கள்

1999ஆம் ஆண்டுச் சட்டம் லண்டன் மேயருக்குக் கட்டணம் விதிக்கும் அதிகாரம் தந்தது. மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பிப்ரவரி 17 அன்று 5 பவுண்டு கட்டணத்துடன் திட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் கட்டணப் பகுதிக்குள் நுழையும் வாகனங்கள் சுமார் 18 விழுக்காடு குறைந்தன. பிற்காலத்தில் நெரிசல் மீண்டும் கூடியது. கட்டணமும் படிப்படியாக உயர்ந்து 2020இல் 15 பவுண்டானது.

ஸ்டாக்ஹோம் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை வெள்ளோட்டம் பார்த்தது. தொடங்கும் முன் பெரும்பாலோர் எதிர்த்தனர். கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்கூடாகப் பார்த்த பின், செப்டம்பர் வாக்கெடுப்பில் நகர மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆதரித்தனர். அதே மாதத் தேர்தலில் வென்ற வலதுசாரிக் கூட்டணி அரசு, வருவாயைச் சாலைத் திட்டங்களுக்கு ஒதுக்க முடிவு செய்து, 2007 ஆகஸ்டில் திட்டத்தை நிலையாக்கியது. மிலான் நகரில் 2008இல் வந்த மாசுக் கட்டணம் 2012இல் நெரிசல் கட்டணமாக மாறியது.

ஐரோப்பா முழுவதும் இதை வரவேற்றதாகச் சொல்ல முடியாது. எடின்பரோ மக்கள் 2005இலும், மான்செஸ்டர் மக்கள் 2008இலும் பெருவாரியான வாக்குகளால் நிராகரித்தனர். இரண்டு ஊர்களிலும் வெள்ளோட்டம் இல்லாமலே வாக்கெடுப்பு நடந்தது.

அமெரிக்கா

நேரத்துக்கு ஏற்ப மாறும் கட்டணம் அமெரிக்கர்களுக்குப் புதிதன்று. கலிபோர்னியாவின் 91ஆம் எண் நெடுஞ்சாலையில் 1995இலேயே அத்தகைய விரைவுத் தடங்கள் திறக்கப்பட்டன. பணம் கட்ட விரும்பாதவர்களுக்குப் பக்கத்திலேயே இலவசத் தடங்கள் இருந்தன. நகர மையத்துக்கான கட்டணம் அத்தகைய மாற்றுவழியைக் காரோட்டிக்குத் தருவதில்லை.

நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் 2007இல் முன்வைத்த 8 டாலர் திட்டத்தை நகர மன்றம் ஏற்றது. ஆனால் மாநிலச் சட்டமன்றத்தில் அது வாக்கெடுப்புக்கே வராமல் 2008இல் கைவிடப்பட்டது. 2019இல் மாநிலம் சட்டம் இயற்றியது. அதன் பிறகு கூட்டரசின் அனுமதியும், பல ஆயிரம் பக்கங்களுக்கு நீண்ட சுற்றுச்சூழல் ஆய்வும் தேவைப்பட்டன. அண்டை மாநிலமான நியூஜெர்சி வழக்குத் தொடுத்தது. 2024 ஜூன் 30 அன்று தொடங்கவிருந்த திட்டத்தை ஆளுநர் கேத்தி ஹோக்கல் அம்மாதத் தொடக்கத்தில் நிறுத்திவைத்தார். 15 டாலராக இருந்த கட்டணம் 9 டாலராகக் குறைக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்று மன்ஹாட்டனின் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நடைமுறைக்கு வந்தது. ஆறே வாரங்களில் டிரம்ப் அரசு கூட்டரசு அனுமதியை ரத்து செய்வதாக அறிவித்தது. அதற்கு மே மாதம் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வருவாயை ஈடாகக் காட்டி 1,500 கோடி டாலர் திரட்டி, ரயில், பேருந்துக் கட்டமைப்பைப் புதுப்பிப்பது திட்டத்தின் நோக்கம்.

தொழில்நுட்பம்

லண்டனும் ஸ்டாக்ஹோமும் வாகனப் பலகை எண்ணைப் படிக்கும் கேமராக்களை நம்புகின்றன. நியூயார்க் சுங்கச்சாவடிகளில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த ஈசி-பாஸ் வில்லையைப் பயன்படுத்துகிறது. வில்லை இல்லாத வண்டிகளுக்குக் கேமரா பதிவின்படி பில் அனுப்பப்படுகிறது. கருவிகள் இரு கண்டங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றே. அவை கைக்கெட்டிய பிறகும் அமெரிக்கா காத்திருந்ததற்குக் காரணம் தொழில்நுட்பக் குறை அல்ல.

வேறுபாட்டின் காரணங்கள்

ஐரோப்பியர் கட்டுப்பாட்டை விரும்புபவர்கள், அமெரிக்கர் சுதந்திரத்தை விரும்புபவர்கள் என்ற பொதுவான விளக்கம் இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை. எடின்பரோவின் எதிர்ப்பு ஐரோப்பாவில் எழுந்ததே. நியூயார்க்கைத் தாமதப்படுத்தியவற்றில் விதிமுறைகளுக்கும் பெரும் பங்கு உண்டு: சுற்றுச்சூழலைக் காக்க 1970இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டத்தின் ஆய்வு முறையே, வாகனங்களைக் குறைக்கும் திட்டத்தைப் பல ஆண்டுகள் இழுத்தடித்தது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். லண்டன் மேயரால் தாமே முடிவெடுக்க முடிந்தது. நியூயார்க் மேயருக்கு மாநிலத்தின் சம்மதமும் கூட்டரசின் சம்மதமும் தேவைப்பட்டன.

வாழ்விட அமைப்பும் ஒரு காரணம். மன்ஹாட்டனில் பெரும்பாலான குடும்பங்களிடம் கார் இல்லை; ஆனால் கட்டணத்தை முடிவு செய்யும் மாநிலச் சட்டமன்றத்தில் காரை நம்பி வாழும் புறநகர்களின் குரலும் வலுவானது. ரயிலும் பேருந்தும் இவ்வளவு அடர்த்தியாக உள்ள நகரங்கள் அமெரிக்காவில் மிகச் சில.

சட்டப் பூசல்

சுவீடனில் நெரிசல் கட்டணம் சட்டப்படி அரசு வரி. லண்டன் போக்குவரத்து நிறுவனமோ இதைச் சேவைக் கட்டணம் என்கிறது. தூதரகங்களுக்கு வரிவிலக்கு அளிக்கும் 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தைச் சுட்டி, இது வரியே என்று வாதிடும் லண்டன் அமெரிக்கத் தூதரகம் கட்டணம் செலுத்த மறுத்துவருகிறது. அதன் பெயரில் சேர்ந்துள்ள நிலுவை 1 கோடியே 40 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது.