பாதை தவறிய இரண்டு செயற்கைக்கோள்கள்

கொஞ்ச நாளா கலிலியோ பத்திப் படிச்சுக்கிட்டு இருக்கேன். அந்த வானியலாளர் இல்லை, அவர் பேரில் ஐரோப்பா அமைத்திருக்கும் வழிகாட்டிச் செயற்கைக்கோள் கூட்டம். அமெரிக்காவுக்கு ஜி.பி.எஸ்., ரஷ்யாவுக்கு குளோனாஸ், நமக்கு நாவிக் மாதிரி அவங்களுக்கு இது. நோட்டில் குறித்து வைத்தவற்றில், சொல்லாமல் விட மனசு வராத கதை ஒன்று இருக்கிறது.

2014 ஆகஸ்ட் 22. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். கலிலியோ கூட்டத்தின் ஐந்தாவது, ஆறாவது செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு ஒரு சோயுஸ் ராக்கெட் கிளம்பியது. டொரேசா, மிலேனா என்று அவற்றுக்குப் பெயர். ஓவியப் போட்டியில் ஜெயித்த குழந்தைகளின் பெயரை வைத்திருந்தார்கள். ஏவுதல் வெற்றி என்று அறிவித்தும் ஆயிற்று. சில மணி நேரம் கழித்துத்தான் ரெண்டும் தப்பான பாதையில் இருப்பது உறுதியானது.

போக வேண்டியது 23,222 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதை. போய்ச் சேர்ந்ததோ நீள்வட்டம்: ஒரு முனையில் உயரம் சுமார் 25,900 கி.மீ., மறுமுனையில் 13,713 கி.மீ.

ஏன் இப்படி ஆச்சு? ராக்கெட்டின் கடைசி அடுக்கான பிரெகாட்டில், ஹைட்ரசின் எரிபொருள் போகும் குழாயும் கடுங்குளிரான ஹீலியம் போகும் குழாயும் ஒரே தாங்கியில் பொருத்தப்பட்டிருந்தன. தாங்கி வழியாகக் குளிர் பரவி ஹைட்ரசின் உறைந்துபோனது. திசை திருப்பும் சின்ன உந்திகளுக்கு எரிபொருள் வரத்து நின்றது. பிரெகாட் தப்பான திசையைப் பார்த்தபடியே எஞ்சினை இயக்கிவிட்டது. பொருத்திய தொழிலாளியின் கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அப்படிப் பொருத்த இடம் கொடுக்கும் குழப்பம் வடிவமைப்பு ஆவணங்களிலேயே இருந்தது என்பதுதான் விசாரணைக் குழுவின் முடிவு.

சரி, மேலே போய் ரிப்பேர் பண்ண முடியாது. கையில் இருந்தது செயற்கைக்கோள்களில் இருந்த கொஞ்சம் எரிபொருள் மட்டும்தான். அதுவும் ஆயுள் முழுக்க சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்வதற்காக வைத்தது. அதை வைத்து வட்டப் பாதைக்குக் கொண்டுபோக வழியே இல்லை.

இங்கேதான் தரையில் இருந்த பொறியாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். சரியான இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்காமல், வேலை செய்யக்கூடிய இடத்துக்காவது கொண்டுபோக முடியுமா என்று பார்த்தார்கள். பாதையின் தாழ்ந்த முனையில் ரெண்டு தொல்லைகள். ஒன்று, பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரவேண்டும். இன்னொன்று, பூமி எந்தப் பக்கம் என்று பார்க்கும் உணர்கருவி அவ்வளவு கிட்டத்தில் பூமியைத் தவறவிட்டது. ஆக, அந்த முனையை மட்டும் உயர்த்தினால் போதும்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு மையத்தில் கணக்குப் போட்டார்கள். 2014 நவம்பரில், 17 நாட்களில் 11 முறை உந்திகளை இயக்கி, ஐந்தாவது செயற்கைக்கோளின் தாழ்முனையைச் சுமார் 3,500 கி.மீ. தூக்கினார்கள். ஆறாவதுக்கு 14 முறை தேவைப்பட்டது. 2015 மார்ச்சில் அதுவும் முடிந்தது. ரெண்டும் வழிகாட்டி சிக்னல் அனுப்ப ஆரம்பித்தன.

அப்புறம் நடந்ததுதான் யாரும் திட்டமிடாதது. வழிகாட்டிச் செயற்கைக்கோளின் உயிரே அதன் கடிகாரம்தான். சிக்னல் வர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத்தான் நம்ம போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். அதனால் இவற்றில் மிகத் துல்லியமான ஹைட்ரஜன் மேசர் கடிகாரங்கள் உண்டு. ஐன்ஸ்டைன் சொன்னபடி, பூமிக்குக் கிட்டே கடிகாரம் மெதுவாகவும் தள்ளிப் போனால் வேகமாகவும் ஓடவேண்டும். வட்டப் பாதையில் இந்த வித்தியாசம் மாறாமல் இருப்பதால், கடிகாரத்தின் சொந்தப் பிழையிலிருந்து அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இந்த ரெண்டுமோ தினமும் இருமுறை சுமார் 8,500 கி.மீ. ஏறி இறங்குகின்றன! வித்தியாசமும் கூடவே ஏறி இறங்கும்.

இதற்கு முந்தைய சிறந்த அளவீடு 1976-ல் கிராவிட்டி புரோப் ஏ என்ற ராக்கெட் சோதனையில் கிடைத்தது. அந்தப் பயணம் மொத்தமே ரெண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இங்கே ஆயிரம் நாட்களுக்கு மேலான தரவு கிடைத்தது. பாரிஸிலும் பிரேமனிலும் இருந்த ரெண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஆராய்ந்து 2018 டிசம்பரில் முடிவை வெளியிட்டன. ஐன்ஸ்டைன் சொன்னது சரி. துல்லியம் பழைய சோதனையைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம்.

இவ்வளவுக்கும் பிறகு, அந்த ரெண்டுக்கும் கூட்டத்தில் முழு இடம் கிடைக்கவில்லை. கலிலியோ செயற்கைக்கோள்கள் ஒலிபரப்பும் பாதைப் பட்டியலின் வடிவத்தில், இவ்வளவு நீண்ட நீள்வட்டத்தை எழுத இடமே ஒதுக்கவில்லை.

ஏவுதலின் கவுண்ட்டவுனை உலகமே டிவியில் பார்க்கிறது. அந்த 17 நாட்களை யாரும் பார்க்கவில்லை. என் நோட்டில் ஆகஸ்ட் 22-ஐ விட்டுவிட்டு, அந்த 17-ஐத்தான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். நம்ம நாவிக் செயற்கைக்கோள்களிலும் அணுக் கடிகாரங்கள் பழுதான கதை இருக்கு. அது அடுத்த குறிப்பில்.