ஆறே முக்கால் மணி நேரமா, நாலே கால் மணி நேரமா?

ஆடிக் கடைசி வெள்ளிக்காக இருக்கன்குடி வந்திருந்த என் பழைய மாணவர் சிங்கப்பூர் திரும்புகிறார். அவருடைய டிக்கெட்டை அவர் அம்மா என்னிடம் காட்டினார். சென்னையில் புறப்பாடு இரவு 11 மணி, சிங்கப்பூரில் இறங்குவது காலை 5.45. "ஆறே முக்கால் மணி நேரம் பிள்ளை ஆகாயத்துலேயே இருக்கணுமா சார்?"

இல்லையம்மா என்றேன். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலே கால் மணி நேரம்தான். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். (1981 முடியும்வரை வித்தியாசம் இரண்டு மணி நேரமே. 1982 ஜனவரி முதல் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது.)

இதே தூரத்தை நம் முன்னோர் எப்படிக் கடந்தார்கள்? சாத்தூரில் ரயிலேறி மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம். அங்கே கப்பல். 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜுலா' சென்னை, நாகை, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். கட்டிய காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அனுமதி இருந்ததாம். பாயை விரித்தால் அதுதான் இடம். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். கப்பலில் அம்மை, காலரா தென்பட்டால் செயின்ட் ஜான் தீவில் இறக்கித் தனியே வைத்துவிடுவார்கள். அந்த நாட்களை எந்த அட்டவணையிலும் போடவில்லை.

ஊரில் அப்பா இறந்தால் தந்தி அன்றே போய்விடும். பிள்ளை வர முடியாது. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, ஏறி, இறங்கி, ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருக்கும். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையனாக இருக்கும்.

விமானம் அப்போது இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஏர் இந்தியா 1954-இலேயே சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் தோட்டத்திலும் துறைமுகத்திலும் கூலி வாங்கியவருக்கு அந்தக் கட்டணம் எட்டாது. அதனால் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் நம்மவர்கள் கப்பலில்தான் போனார்கள். ரஜுலாவுக்குப் பின் 1973-இல் 'சிதம்பரம்' வந்தது. 'பாஸ்தர்' என்ற பிரெஞ்சுக் கப்பலை வாங்கிப் பெயர் மாற்றியது அது. 1985 பிப்ரவரியில் கடலிலேயே தீப்பிடித்து முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அதோடு அந்தச் சேவையும் நின்றது. வேகம் வந்த வருடம் எது என்று வகுப்பில் கேட்டால் 1954 என்று எழுதுவார்கள். நம் பக்கத்துக்கு நான் 1985 என்றுதான் மதிப்பெண் போடுவேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "சாத்தூர்ல இருந்து சென்னைக்குப் பஸ்ஸுல போகவே ராத்திரி முழுக்க ஆகுதே சார்!" ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அவன் வங்கக் கடலைத் தாண்டுவதைப்போல இரண்டு மடங்கு நேரம்.