பில்ட் போட்ட கதை: ஆன்லைன் ஆர்பிஜிகளில் ஒரு தவறின் விலை

மொத்தம் 110 புள்ளிகள். ஒரு திறனில் அதிகபட்சம் 20 புள்ளி போடலாம். அதாவது 5 திறன்களை முழுசாக ஏற்றிவிட்டால் மிச்சம் 10 புள்ளி கையில் நிற்கும். போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்கவே முடியாது!

2000-ம் ஆண்டு ஜூனில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'டயப்லோ 2' விளையாட்டில் ஒரு கேரக்டருக்கு ஆயுள் முழுவதற்கும் கிடைத்த மூலதனம் இவ்வளவுதான். அதுவும் 99-வது லெவலைத் தொட்டால்தான் இந்த 110. அவ்வளவு தூரம் போகப் பொறுமை வேண்டும். 80, 90-லேயே பலருக்கு மூச்சு வாங்கிவிடும்.

சரி, பில்ட் என்றால் என்ன? இந்த விளையாட்டுகளைத் தொட்டிராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஆர்பிஜி விளையாட்டில் கேரக்டரின் லெவல் ஏற ஏற, விளையாட்டு கொஞ்சம் புள்ளிகளைக் கொடுக்கும். எங்கே போடுவது என்பது ஆடுபவர் இஷ்டம். நெருப்பு மந்திரத்தில் கொட்டினால் பனி மந்திரத்துக்கு மிச்சம் இருக்காது. உடல் பலத்தில் போட்டால் கனமான கவசம் மாட்டலாம், ஆனால் வேறு எங்கோ இடிக்கும். மாதச் சம்பளத்தை வாடகை, மளிகை, சீட்டுப் பணம் என்று பிரிப்பதைப் போலத்தான். சண்டைக்காகப் போடும் இந்தப் பட்ஜெட்டுக்குப் பெயர்தான் பில்ட்.

இதன் வரலாற்றைப் புரட்டினால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பட்ஜெட்டில் தப்புச் செய்தவர் என்ன விலை கொடுக்க வேண்டும்? அந்த விலை மாறியபோதெல்லாம் விளையாடும் விதமும் மாறியிருக்கிறது.

பகடையிலிருந்து பட்ஜெட்டுக்கு...

எல்லாவற்றுக்கும் பாட்டன், 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காகிதமும் பென்சிலும் வைத்து ஆடும் ஆட்டம். பலம், அறிவு உட்பட ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். விழுந்ததுதான் விதி. திட்டம் போட அங்கே பெரிய வேலை இல்லை.

1997 செப்டம்பரில் வந்த 'அல்டிமா ஆன்லைன்' பகடையை ஓரங்கட்டி ஒரு வரம்பைக் கொண்டுவந்தது. திறன்கள் பல பத்து உண்டு. ஒவ்வொன்றும் 100 வரை ஏறும். ஆனால் எல்லாம் சேர்ந்து 700-ஐத் தாண்டக் கூடாது. ஆக, ஏழு துறைகளில் மேதையாகலாம், எட்டாவதில் முடியாது. அங்கே திறன் வளர்வது பயிற்சியால். வாள் வீசினால் வாள் திறன் ஏறும், மீன் பிடித்தால் மீன்பிடித் திறன் ஏறும். 700-ஐத் தொட்டபின் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். எது ஏறலாம், எது இறங்கலாம், எது அப்படியே நிற்க வேண்டும் என்று குறிக்கும் அம்புக்குறிகள் பிற்பாடு வந்தன.

இங்கே பிறந்த முதல் பிரபல பில்ட் 'டேங்க் மேஜ்'. கையில் பெரிய ஆயுதம், வாயில் மந்திரம். இரண்டு உலகத்திலும் நல்லதைப் பொறுக்கிக்கொண்ட ஆள். விளையாட்டை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்த வீரனும் மந்திரவாதியும் தனித்தனி. ஆடுபவர்கள் கணக்குப் போட்டு இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார்கள். கொடுத்த விதிகளை வைத்தே விதி எழுதியவரை முந்துவது என்ற வேடிக்கை அன்றே தொடங்கிவிட்டது.

திரும்ப எடுக்க முடியாத புள்ளி

அல்டிமாவில் தப்பைத் திருத்த வழி இருந்தது, நேரம்தான் செலவு. டயப்லோ 2-ல் வழியே கிடையாது. 12-வது லெவலில் விவரம் தெரியாமல் போட்ட ஒரு புள்ளி 90-வது லெவலிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிடிக்கவில்லையா? கேரக்டரை அழித்துவிட்டு முதல் லெவலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எனவே ஒரு வினோதமான பழக்கம் பரவியது. வலிமையான திறன்கள் 24, 30 லெவலில்தான் திறக்கும் என்பதால், கிடைத்த புள்ளிகளைச் செலவு செய்யாமல் சேர்த்து வைத்துக்கொண்டு, பலவீனமான கேரக்டரோடு பல மணி நேரம் தடுமாறுவார்கள். முப்பதாவது லெவல் வந்ததும் சேர்த்ததை மொத்தமாகக் கொட்டுவார்கள்.

இந்த நிலையில் 2003 அக்டோபரில் 1.10 பேட்ச் வந்தது. 'சினர்ஜி' என்ற புது விதி. ஒரு திறனில் போட்ட புள்ளி, அதற்குத் தொடர்புள்ள இன்னொரு திறனின் தாக்குதலையும் கூட்டும். இதனால் கிடைத்த புகழ்பெற்ற பில்ட் 'ஹாமர்டின்'. பாலடின் வகை வீரன் 'பிளெஸ்டு ஹாமர்' என்ற சுழலும் சுத்தியலில் 20 புள்ளி போடுவான். அதற்கு வலு சேர்க்கும் 'விகர்', 'பிளெஸ்டு எய்ம்' இரண்டிலும் இருபது இருபது. சேதத்தைக் கூட்டும் 'கான்சென்ட்ரேஷன்' திறனில் இன்னொரு 20. ஆக 80 புள்ளிகள் ஒரே சுத்தியலுக்காக! மிச்சம் தற்காப்புக் கேடயத்துக்கு. அந்தச் சுத்தியலின் தாக்குதலை எதிர்த்து நிற்கும் அரக்கர்கள் மிகக் குறைவு என்பதால் கணக்கு பலித்தது.

ஆனால் 1.10-க்கு முன்பே வளர்த்து முடித்த கேரக்டர்கள்? அவர்கள் பழைய விதிக்குச் சரியாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். விதி மாறியதும் சரி தப்பாகிவிட்டது. புள்ளிகளைத் திரும்பப் பெறும் வசதியை 1.13 பேட்ச் கொடுத்தபோது 2010 மார்ச் ஆகியிருந்தது. விளையாட்டு வெளியாகிக் கிட்டத்தட்ட பத்து வருஷம்!

உழைப்பே காணாமல் போனபோது

தப்பு செய்யாமலேயே விலை கொடுத்தவர்களின் கதை இதைவிடச் சோகமானது. 2003-ல் சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' விளையாட்டில் 30-க்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. கையில் 250 திறன் புள்ளிகள். கொஞ்சம் துப்பாக்கி வீரன், கொஞ்சம் மருத்துவர் என்று எப்படி வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். சண்டையே போடாமல் கேளிக்கை விடுதியில் நடனமாடி மற்றவர்களின் களைப்பைப் போக்கும் கேரக்டருக்குக்கூட மரியாதை உண்டு.

2005 நவம்பரில் இந்த அமைப்பை அப்படியே தூக்கிவிட்டு 9 தொழில்கள் மட்டும் என்று ஆக்கினார்கள். புதியவர்களுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். அதற்குச் சில நாட்கள் முன்புதான் காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் பாகம் ஒன்று வெளியாகியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது. இரண்டு வருஷ உழைப்பை எப்படித் திருப்பித் தருவது? பலர் வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் விளையாட்டே மூடப்பட்டது. பழைய வடிவத்தை மீட்க ரசிகர்களே ஒரு சர்வர் மென்பொருளை எழுதினார்கள். அவர்கள் தேடிப் போனது தாங்கள் கலந்து உருவாக்கிய கேரக்டர்களைத்தான்.

இலவசத் தவறு

இதே 2005-ல், ஏப்ரலில் வந்த 'கில்ட் வார்ஸ்' நேர் எதிர்த் திசையில் போனது. லெவல் 20-ல் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான திறன்கள் இருந்தாலும் சண்டைக்குப் போகும்போது 8 மட்டுமே எடுத்துப் போகலாம். ஊருக்குத் திரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். தப்புக்குக் கிட்டத்தட்ட விலையே இல்லாததால் விபரீதமான சோதனைகள் நடந்தன.

அதில் உச்சம் '55 மாங்க்'. 20-வது லெவலில் உயிர்ப் புள்ளி 480. தலா 75-ஐக் குறைக்கும் ஐந்து ரூன்களைக் கவசத்தில் பதித்தால் 375 போய்விடும், மிச்சம் 105. கையில் 50-ஐக் குறைக்கும் ஒரு பொருளைப் பிடித்தால் 55! பார்ப்பவர்களுக்குத் தற்கொலை மாதிரி தெரியும். ஆனால் ஒரே அடியில் மொத்த உயிரில் 10 சதவீதத்துக்கு மேல் போகாமல் காக்கும் மந்திரம் ஒன்று இருந்தது. 55-ல் 10 சதவீதம் ஐந்தரை. எவ்வளவு பெரிய அரக்கன் அடித்தாலும் போவது அவ்வளவுதான். வேறு மந்திரங்களால் விநாடிக்கு 20 வரை உயிர் ஊறிக்கொண்டிருக்கும். ஆக, எட்டுப் பேர் போக வேண்டிய இடத்துக்கு ஒரு நோஞ்சான் துறவி தனியாகப் போய்த் தங்கம் அள்ளி வந்தார். பலவீனத்தையே கவசமாக்கிய இந்தக் கணக்கு, இத்துறையின் மிக அழகான கணக்குகளில் ஒன்று.

கணக்குப்பிள்ளைகளின் காலம்

2004 நவம்பரில் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' நடுவழியைப் பிடித்தது. 10-வது லெவலிலிருந்து 60 வரை 51 டேலண்ட் புள்ளிகள். மூன்று கிளைகள். ஒரு கிளையின் அடிவரை போக 31 புள்ளி வேண்டும். '31/20/0' என்று சொன்னாலே அந்த வாரியர் எப்படிச் சண்டை போடுவார் என்று புரிந்துவிடும். மாற்றிக்கொள்ள முதல்முறை 1 தங்கம், அடுத்து 5, பிறகு ஐந்தைந்தாக ஏறி 50 வரை போகும். தப்புக்கு அபராதம் உண்டு, மரணதண்டனை இல்லை.

ஆனால் இங்கே வேறொரு விலை முளைத்தது. பெரிய பாஸ்களை வீழ்த்த 40 பேர் கூட வேண்டும். ஒருவரின் பில்ட் அவருடைய சொந்த விஷயமாக இல்லாமல் மற்ற 39 பேரின் விஷயமும் ஆனது. வாளேந்திச் சண்டையிட ஆசைப்பட்டு பாலடின் எடுத்தவர்களிடம் "நீங்கள் வைத்தியம் பாருங்கள், போதும்" என்றார்கள். டிரூயிட்களுக்கும் ஷாமன்களுக்கும் இதே கதிதான். கணக்கு அப்படித்தான் சொன்னது.

கணக்கும் வர வர நுணுக்கமானது. ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டின் பெயரை வைத்துக் கேலியாகப் பிறந்ததாகச் சொல்லப்படும் 'தியரிகிராஃப்ட்' என்ற சொல் இப்போது மரியாதைக்குரிய வேலையானது. உதாரணமாக, 2007 ஜனவரியில் வந்த 'பர்னிங் குருசேட்' காலத்தில் ஒரு மந்திரவாதியின் மந்திரம் பெரிய பாஸ்மீது கிட்டத்தட்ட தவறாமல் பட 16 சதவீதம் கூடுதல் துல்லியம் தேவை. டேலண்ட் உதவி எதுவும் இல்லையென்றால் அதற்கு உடைகளிலிருந்து 202 புள்ளிகள் வர வேண்டும். 203-வது புள்ளி வீண்! இதையெல்லாம் ஆடுபவர்களே சண்டைப் பதிவுகளை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். பிறகு 'சிமுலேஷன்கிராஃப்ட்' போன்ற திறந்த மூல மென்பொருள்கள் வந்தன. ஒரு சண்டையை ஆயிரக்கணக்கான முறை கணினியிலேயே நடத்திப் பார்த்து, எந்த பில்ட் அதிகம் அடிக்கிறது என்று சராசரி சொல்லிவிடும்.

விளைவு? சரியான விடை ஒன்றே ஒன்று என்றானது. எல்லோரும் அச்சில் வார்த்தாற்போல ஒரே பில்ட். 2012-ல் பிளிசார்ட் கிளைகளையே வெட்டிவிட்டு, 15 லெவலுக்கு ஒருமுறை மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. எல்லோரும் காப்பி அடிக்கிறார்கள் என்றால் அது தேர்வே இல்லையே என்பது அவர்கள் வாதம். வாதம் நியாயமானதுதான். ஆனால் லெவல் ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி போடும் அந்தச் சின்ன சந்தோஷமும் சேர்ந்து போய்விட்டது என்று பலர் வருந்தினார்கள்.

திரும்பி வந்த மரம்

2019 ஆகஸ்டில் பழைய வடிவத்தையே 'கிளாசிக்' என்று மறுபடி வெளியிட்டார்கள். அன்று ரக்னரோஸ் என்ற பாஸ் முதன்முதலில் வீழ்ந்தது 2005 ஏப்ரலில், விளையாட்டு வந்து சுமார் ஐந்து மாதம் கழித்து. கிளாசிக்கில் அதே ரக்னரோஸ் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை! கிளாசிக்கில் இருந்தது பிற்காலத்தில் வலுவூட்டப்பட்ட டேலண்ட்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் பெரிய வித்தியாசம், ஆடியவர்களிடம் சேர்ந்திருந்த பதினைந்து வருஷ அறிவு.

2022 நவம்பரில் வந்த 'டிராகன்ஃபிளைட்' டேலண்ட் மரங்களை மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை மாற்றுவதற்குக் காசில்லை. ஒருவரின் முழு பில்டையும் ஒரு நீளமான எழுத்துச் சரமாக நகலெடுத்து ஒட்டிவிடலாம். காப்பி அடிப்பதைத் தடுக்க முடியாது என்று தெரிந்தபின் அதையே வசதியாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், நியூசிலாந்தைச் சேர்ந்த கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 அக்டோபரில் வெளியிட்ட 'பாத் ஆஃப் எக்ஸைல்' இருக்கிறது. 1,300-க்கும் அதிகமான முனைகள் கொண்ட மரம், சுமார் 120 புள்ளிகள். வெளிவந்த காலத்தில், போட்ட ஒரு புள்ளியைத் திரும்ப எடுக்க ஒரு 'ஆர்ப் ஆஃப் ரெக்ரெட்' செலவானது. பெயரே வருத்த உருண்டை! நாலைந்து புள்ளியை மாற்றுவது சுலபம், நூறை மாற்றினால் கை கடிக்கும். இதற்காக ரசிகர்கள் எழுதிய 'பாத் ஆஃப் பில்டிங்' மென்பொருளில் விளையாட்டைத் திறக்காமலேயே மணிக்கணக்கில் பில்ட் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு.

தவறு நிரந்தரமாக இருந்தபோது பயம் ஆடுபவர்களைக் கணக்குப் போட வைத்தது. தவறு மலிவானபோது ஆசை '55 மாங்க்' மாதிரி விசித்திரங்களைக் கண்டுபிடித்தது. இரண்டிலும் அவரவர் புத்திக்கு வேலை இருந்தது. நிஜமான நெருக்கடி வந்தது, விடை முன்கூட்டியே தெரிந்து, அதைத் தவிர வேறு பில்ட் போட்டவரை மற்ற 39 பேர் சேர்த்துக்கொள்ள மறுத்தபோதுதான். விளையாட்டின் விதியில் அந்த அபராதம் எழுதப்படவே இல்லை. அதனால் எந்த பேட்சாலும் அதை முழுசாக நீக்க முடியவில்லை. வாளேந்த ஆசைப்பட்ட அந்தப் பாலடினுக்கு இடம் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கூட ஆடுபவர்கள்தான் இன்னமும் முடிவு செய்கிறார்கள்.