காஞ்சி வழியில் கட்டிவைத்த மான்

குடிசை முற்றத்தில் ஒரு விளாமரம். அதன் அடியில் மான் ஒன்று கட்டுண்டு கிடக்கிறது. கயிறு உராய்ந்து உராய்ந்து அடிமரம் தேய்ந்திருக்கிறது. செல்லத்துக்கு வளர்த்த மானல்ல. காட்டு மானை அருகே வரவழைக்கப் பழக்கிய பார்வை மான். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படை காட்டும், எயினர் என்னும் வேட்டுவர் வீட்டு வாசல் இது. காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும்போது இந்த வீடு வருகிறது.

எயினர் ஊர் இன்ன இடத்தில் இருந்தது என்று பாட்டு சொல்லவில்லை. இன்று சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிறவர்கள் இருங்காட்டுக்கோட்டையின் கார் ஆலையையும் பென்னலூரையும் தாண்டித்தான் போகிறார்கள். தொண்டை மண்டலத்தின் இந்த மேட்டு நிலத்துக்கு உரிய காடு உயரமான மரக்காடு அல்ல. காரையும் களாவும் சூரையும் பின்னிக்கிடக்கும் முட்புதர்க்காடு. இங்கே மானைத் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். நாலு பாய்ச்சலில் அது புதருக்குள் மறைந்துவிடும். பின்னால் ஓடுகிறவன் காலில் முள்தான் மிஞ்சும். ஆகவே காத்திருக்க வேண்டும், இல்லையேல் வரவழைக்க வேண்டும்.

வரவழைக்கும் வித்தை நெடுங்காலம் நிலைத்தது. அக்பர் அவையின் அபுல் ஃபசல், அயினி அக்பரியில் இதை விவரமாகவே எழுதியிருக்கிறார். பழக்கிய ஆண் மானின் கொம்பில் சுருக்குக் கயிறுகளைக் கட்டிக் காட்டு மான்கள் பக்கம் விடுவார்கள். அது அங்குள்ள ஆணோடு மோதும். மோதலில் காட்டு மானின் கொம்போ காலோ சுருக்கில் மாட்டிக்கொள்ளும். ஆண் மானின் வீம்பையே அதற்கு எதிராகத் திருப்பிய தந்திரம் இது.

காத்திருக்கும் முறையும் பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. மான் குளம்படி பதிந்த தடம் நீர்க்குழிக்குப் போகிறது. அதன் அருகே பள்ளம் தோண்டி, உள்ளே ஒடுங்கி, நள்ளிரவில் வேடன் பன்றிக்காகக் காத்துக் கிடக்கிறான். வறண்ட நாட்டில் எந்த விலங்கானாலும் தண்ணீருக்கு வந்தே தீரும். வேட்டைக்குப் புதியவனுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. அடுத்த பாடம் காற்று. மானின் மூக்கு அதன் கண்ணைவிட முந்திக்கொள்ளும். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசினால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தும் பயனில்லை. இரவு வேட்டை பொய்த்தால் மறுநாள் பகலில் நாய்களோடு போய்ப் புதரைக் கலைத்து, வலையைத் தொடர்ச்சியாகக் கட்டி, முயலை வளைப்பார்கள். அதாவது, பன்றி கிடைக்காவிட்டால் முயல். புலவர் இவர்களை மாவீரர்களாக ஊதிக்காட்டவில்லை. வெறுங்கையோடு திரும்பும் இரவும் அவர் கணக்கில் இருக்கிறது.

வீட்டுப் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பைக் கிளறி, எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை எடுத்து நிலத்து உரலில் குத்துகிறார்கள். வேட்டை தவறினாலும் அடுப்பு எரிந்தது இவர்களால்தான்.

துப்பாக்கி வந்ததும் நிலைமை தலைகீழானது. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் ஆட்களை விட்டுச் சோலைக்குள் ஓசை எழுப்பிக் கடமான்களைக் கலைத்தார்கள். வெளியே புல்வெளியில் நின்று சுட்டார்கள். விலங்குகள் குறைந்துபோவதைச் சுட்டவர்களே கண்டு கவலைப்பட, 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை கூடாத மாதங்களும் உரிமமும் அப்படித்தான் வந்தன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த திருத்தமும் விளையாட்டு வேட்டைக்கும் வயிற்றுப்பாட்டு வேட்டைக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டன. வயிற்றுப்பாட்டு வேட்டைக்காரர்களுக்குப் பிழைப்பு போனது. உல்லாச வேட்டைக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும்தான் போனது.

காஞ்சி, செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடியினருக்குப் பாம்புத் தோல் வணிகமும் இதே காலத்தில் நின்றது. எலி வளையைத் தோண்டி நெல் எடுப்பதும் தடம் பார்த்துப் பாம்பைப் பிடிப்பதும் அவர்கள் கைத்தொழில். 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்த பாம்பிலிருந்து விஷம் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுவது வழக்கமானது. செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள்; அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.